ஐந்து சர்க்கரைகளின் வரிசை



நம் குடும்பத்தில் எவரேனும் திறந்த இதய அறுவைக்கோ டயாலிசிஸுக்கோ உட்பட்டிருப்பின், அவருக்குப் பெரும்பாலும் 'ஹெப்பரின்' செலுத்தப்பட்டிருக்கும். இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து அது. உலகில் இன்று அதன் பெரும்பகுதி பன்றிக் குடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. இதைச் செவியுற்றதும் நம்மவர் திகைப்பது இயல்பே. ஆயினும் அம்மருந்து யாதென அறிந்தால் தெளிவு பிறக்கும்.

ஹெப்பரின் என்பது சர்க்கரைகள் கோத்த நீண்ட சங்கிலி. மனித உடலின் மாஸ்ட் செல்களும் அதை உருவாக்குகின்றன. செல்லினுள் கோல்கி என்னும் பகுதியில், நொதிகள் இருவகைச் சர்க்கரைகளை மாறி மாறிக் கோக்கின்றன. பின்னர் ஒரு நொதி, சர்க்கரையிலுள்ள அசெட்டைல் தொகுதியை அகற்றி அவ்விடத்தில் சல்பேட்டை அமர்த்துகிறது. இன்னொன்று ஒரு சர்க்கரையின் அமைப்பைத் திருப்பி வேறொன்றாக்குகிறது. பிற நொதிகள் குறித்த இடங்களில் மேலும் சல்பேட்டுகளை இடுகின்றன.

அரபு எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். ஒரே கோட்டின் கீழ் ஒரு புள்ளி இட்டால் 'பா'. மேலே இரண்டு இட்டால் 'தா'. மூன்று இட்டால் 'ஸா'. சல்பேட்டுகளும் அத்தகைய புள்ளிகளே. ஐந்து சர்க்கரைகள் கொண்ட ஒரு குறிப்பிட்ட வரிசையே இரத்தத்திலுள்ள ஆன்டித்ராம்பின் என்னும் புரதத்தை இறுகப் பற்றி, உறைதலைத் தடுக்கத் தூண்டுகிறது. அதன் நடுச் சர்க்கரையில் ஒரேயொரு சல்பேட் இல்லாவிடினும் அப்பிடிப்பு ஏறத்தாழ அற்றுவிடும். ஹெப்பரின் சங்கிலிகளுள் சுமார் மூன்றில் ஒரு பங்கே இவ்வரிசையைத் தாங்கியுள்ளன.

இந்த இரகசியம் தெரிந்தபின் வேதியியலார் அவ்வைந்து சர்க்கரைகளை மட்டும் ஆய்வுக்கூடத்தில் கோத்தனர். ஃபோண்டாபாரினக்ஸ் என்னும் அம்மருந்துக்கு அமெரிக்கா 2001இல் அனுமதி அளித்தது. அதில் விலங்குப் பொருள் இல்லை. எனினும் எல்லாவிடத்தும் அது ஈடாகாது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்றோருக்கு அது தரலாகாது. இதய அறுவையில் இன்றும் ஹெப்பரினே முதன்மையானது.

எனவே, முன்கூட்டித் திட்டமிட்ட சிகிச்சையெனில் மாற்று மருந்து உண்டா என மருத்துவரிடம் கேளுங்கள். ஐயம் எழின் ஆலிம்களை அணுகுங்கள். உயிர் ஊசலாடும் வேளையில் ஊசியை மறுத்து நிற்காதீர்கள். நிர்ப்பந்த நிலை விலக்கப்பட்டதையும் அனுமதிக்கும் என்பது ஃபிக்ஹு நூல்கள் அறிந்த விதியே. அச்சத்தால் முடிவெடுப்பதினும் கேட்டறிந்து முடிவெடுப்பதே நமக்கு அழகு.