நம்ம பொட்டியில் வந்தால் போதுமா?



இந்த ஆண்டு மலருக்குக் கவிதை தருவதாகத்தான் முதலில் பெயர் கொடுத்தேன். "ஏற்கனவே பதினோரு கவிதை வந்தாச்சு, நீ வேற ஏதாவது எழுதுடா" என்று மலர்க்குழுவினர் விரட்டிவிட்டார்கள். ஆகவே, கோடை விடுமுறையில் இன்பிளாண்ட் டிரெயினிங் போன இடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பிரிவு சமாச்சாரம்தானே என்று மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

நான் போனது ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. எட்டே கம்ப்யூட்டர், எட்டிலும் லினக்ஸ். எனக்குக் கொடுத்த வேலை, ஒரு பஞ்சாலையின் உள் நெட்வொர்க்கில் ஓடும் சம்பளச் சீட்டுப் பக்கத்தில் ஓவர்டைமுக்கு ஒரு கட்டம் சேர்ப்பது. ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன். சி.எஸ்.எஸ்.ஸில் 'ஃபிளெக்ஸ்' போட்டு மூன்று கட்டங்களை ஒரே வரிசையில் நிறுத்தினேன். ஃபயர்ஃபாக்ஸில் அழகாக வந்தது. குரோமியத்திலும் வந்தது.

ஆனால் பஞ்சாலை ஆபீஸில் அவர்கள் அதைத் திறப்பது எட்ஜ் பிரவுசரின் 'ஐ.இ. மோட்'டில். பக்கத்தை எழுதிய காலத்தில் பிரிண்டருக்கு நேரே அனுப்ப ஆக்டிவ்-எக்ஸ் என்ற வித்தையைப் பயன்படுத்திவிட்டார்கள். அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விட்டால் வேறு எதிலும் ஓடாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் 'வைன்' நிறுவினேன். 1993ல் தொடங்கிய திட்டம் அது. விண்டோஸ் புரோகிராம் கேட்பதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும். அதில் 'ஐ-எக்ஸ்புளோர்' என்று தட்டினேன், ஒரு ஜன்னல் திறந்தது, பக்கம் சுத்தமாக வந்தது. சோதனை முடிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சம்பள நாள் காலையில் பஞ்சாலையிலிருந்து போன். மூன்று கட்டமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி, ஒரு ஆளின் சீட்டு இரண்டு தாளில் வெட்டுப்பட்டு வருகிறதாம். ஷிப்ட் முடிந்து ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் கணக்குப் பிரிவுப் பெரியவர் நூற்றி நாற்பது சீட்டையும் கையால் எழுதினார். மறுநாள் நான் நேரில் போய் நின்றபோது அவர் கோபப்படவில்லை. "தம்பி, உங்க பொட்டில வந்தா ஆச்சுங்களா? எங்க மேசைல வரோணுமில்ல?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்!

என் முட்டாள்தனத்தைக் கேளுங்கள். வைனோடு வரும் அந்த 'எக்ஸ்புளோரர்' உண்மையான எக்ஸ்புளோரரே அல்ல. உள்ளே பக்கத்தை வரைந்து காட்டுவது 'கெக்கோ', அதாவது ஃபயர்ஃபாக்ஸின் எஞ்சின். ஃபயர்ஃபாக்ஸில் பார்த்ததையே வேஷம் கட்டிய ஃபயர்ஃபாக்ஸில் இன்னொரு முறை பார்த்துவிட்டு, இரண்டு பிரவுசரில் சோதித்தேன் என்று மார் தட்டியிருக்கிறேன்.

சரி, அசலையே கொண்டு வருவோம் என்று, மைக்ரோசாஃப்ட் 90 நாள் சோதனைக்குத் தரும் விண்டோஸை வர்ச்சுவல்பாக்ஸில் ஏற்றினேன். எட்ஜில் ஐ.இ. மோட் அனுமதி கொடுத்து (ஒரு தளத்தைச் சேர்த்தால் 30 நாள்தான் நிற்கும், பிறகு மறுபடி சேர்க்க வேண்டும்), எங்கள் சர்வரின் ஐ.பி. முகவரியைத் தட்டினால்... சரியாக வருகிறது! அங்கே உடைவது இங்கே உடையவில்லை. இரண்டு நாள் தூக்கம் போயிற்று. பெரியவரிடமே போன் போட்டு, "சார், மேலே முகவரியில என்ன அடிக்கிறீங்க?" என்று கேட்டேன். "சாலரி-ன்னு ஒத்த வார்த்தைதானுங்" என்றார்.

அதுதான் விஷயம். புள்ளியே இல்லாத ஒற்றைப் பெயரை அடித்தால், இது ஆபீஸுக்குள் இருக்கும் தளம் என்று எக்ஸ்புளோரர் முடிவு கட்டிவிடும். அப்படிப்பட்ட தளங்களை 'கம்பேட்டிபிலிட்டி வியூ' என்ற முறையில் காட்டும், அதாவது 2006ல் வந்த 7ஆம் பதிப்பைப் போல நடந்துகொள்ளும். அந்தப் பதிப்புக்கு ஃபிளெக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. நான் புள்ளி வைத்த ஐ.பி. முகவரியை அடித்ததால் எனக்கு 11ஆம் பதிப்பாகக் காட்டியது. பிரவுசர் ஒன்று, பக்கம் ஒன்று, புள்ளிதான் வேறு! பக்கத்தின் தலைப்பகுதியில் 'எக்ஸ்-யுஏ-கம்பேட்டிபிள்' என்ற மெட்டா வரி ஒன்றைச் சேர்த்து, இருப்பதிலேயே புதிய முறையில் காட்டு என்று சொன்னதும் தீர்ந்தது. ஒரே வரி. அதற்கு விலை நூற்றி நாற்பது சீட்டு.

இதை ஹாஸ்டலில் சொன்னபோது இரண்டு கட்சி உருவானது. லினக்ஸ் கட்சி, "செத்துப்போன பிரவுசருக்கு ஏண்டா அழுவுற, மாத்திக்கச் சொல்லு" என்றது. செத்தது உண்மைதான். 2022 ஜூன் 15 அன்று எக்ஸ்புளோரர் 11க்கு மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்துவிட்டது. ஆனால் அதன் எஞ்சின் எட்ஜுக்குள் உயிரோடு இருக்கிறது, குறைந்தது 2029 வரை ஐ.இ. மோட் இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் விண்டோஸில் மட்டும். லினக்ஸுக்கு எட்ஜ் 2021லேயே வந்துவிட்டது, ஆனால் அதில் ஐ.இ. மோட் கிடையாது. எந்தப் பிரவுசரில் வேலை செய்வது என்று அந்தப் பெரியவரா முடிவெடுத்தார்? அவருக்கு "மாத்துங்க சார்" என்று உபதேசம் செய்ய நாம் யார்?

இன்னொரு கட்சி, "எல்லா மெஷின்லயும் விண்டோஸ் போட்டுட்டா பிரச்சினையே இல்லையே" என்றது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 2001ல் 6ஆம் பதிப்பு வந்தபின் அடுத்தது வர ஐந்து வருஷம் ஆனது. அந்த நாளில் எல்லோரும் அதில் வந்தால் போதும் என்று எழுதித் தள்ளியதன் மிச்சம்தான் அந்தப் பஞ்சாலைப் பக்கம். மேக்குக்கு, சோலாரிஸுக்கு எல்லாம் எக்ஸ்புளோரர் கொடுத்தவர்கள் லினக்ஸுக்கு மட்டும் கொடுக்கவே இல்லை. நம் தமிழே இதில் அடிபட்டிருக்கிறது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்ப் பக்கங்கள் பல 'டைனமிக் ஃபான்ட்' என்ற முறையில் எழுத்துருவைக் கூடவே அனுப்பின. எக்ஸ்புளோரருக்கு ஒரு வகைக் கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு இன்னொரு வகை. இரண்டும் கைகொடுக்காத கம்ப்யூட்டரில் தமிழ் வராது, புரியாத குறிகள்தான் வரும். யூனிகோடு பரவிய பிறகே அந்தத் தலைவலி போயிற்று.

ஆகவே நான் இரண்டு கட்சியிலும் இல்லை. எழுதுவது லினக்ஸில், எல்லா பிரவுசருக்கும் பொதுவான முறையில். சோதிப்பது பயன்படுத்துகிறவர் உட்காரும் இடத்தில், அவர் அடிக்கும் அதே முகவரியை அடித்து. போலியில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது கேஜ் இல்லாமல் கண்ணால் பார்த்து 'ஓகே' என்பது போலத்தான். (மெக்கானிக்கல் நண்பர்களே, உங்களுக்காகத்தான் இந்த வரி!) பிரவுசர்களை வாடகைக்குத் தரும் கம்பெனிகள் இருக்கின்றன, 2011ல் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக் நம் நாட்டுக்காரர்களுடையதுதான். ஆனால் மாதச் சந்தா கட்டுமளவுக்கு நம் பாக்கெட் கனமில்லை.

நம் லேபில் எல்லாம் லினக்ஸ். அது அப்படியே இருக்கட்டும். ஓரத்தில் ஒரே ஒரு மெஷினில் முறையான லைசென்ஸோடு விண்டோஸ் போட்டு, ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிட்டால், மற்ற சீட்டிலிருந்தே 'ரெம்மினா' மூலம் உள்ளே போய்ப் பார்த்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும், அதற்கு ஒரு நோட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வோம். ஃபைனல் இயர் பிராஜெக்ட் ரிவ்யூவுக்கு முன் அந்த மெஷினில் பார்த்த தேதியையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

இதையே மனுவாக எழுதித் துறைத் தலைவரிடம் கொடுக்க இருக்கிறோம். இதுவரை இருபத்தி மூன்று கையெழுத்து சேர்ந்திருக்கிறது. மனு மூன்றாமாண்டு 'பி' பிரிவில், கடைசி பெஞ்சில் இருக்கிறது.