சும்மா பார்க்கத்தான் போனோம்!

 

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் பாடசாலைப் பிள்ளைகளுக்கு விடுமுறை. கொழும்பிலும் கரையோரத்திலும் வெயில் தாங்க முடியாமல் குடும்பங்கள் வேன் பிடித்து நுவரெலியாவுக்கு ஏறும் காலம் அது. பூங்கா, கிரகரி வாவி, ஹக்கலைத் தோட்டம் எல்லாம் பார்த்தாயிற்று. பின்னேரம் என்ன செய்வது? 'வாங்க, குதிரை ரேஸ் நடக்கிறது. சும்மா பார்த்துவிட்டு வருவோம்' என்று மச்சான் ஒருவர் சொல்வார். பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். அப்போது உம்மாவின் மனதில் ஒரு கேள்வி எழும்: 'போகலாமா, கூடாதா?'

சகோதரிகள் பலர் இதைக் கேட்கிறார்கள். 'நாங்கள் பந்தயம் கட்டப் போவதில்லையே, குதிரை ஓடுவதைப் பார்ப்பதில் என்ன பாவம்?' என்கிறார்கள். ஒரே சொல்லில் ஹராம் என்று தள்ளிவிடவும் கூடாது, ஒரே சொல்லில் பரவாயில்லை என்று விட்டுவிடவும் கூடாது. நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் குதிரையைப் பற்றி. நமது மார்க்கம் குதிரையைக் கண்ணியப்படுத்திய மார்க்கம். மூச்சிரைக்க ஓடும் குதிரைகள் மீது அல்லாஹுத்தஆலா சத்தியமிட்டுத் தொடங்கும் அத்தியாயத்தை, சூரத்துல் ஆதியாத்தை, நம் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவில் சிறு வயதிலேயே மனனமிடுகிறார்கள். குதிரையின் நெற்றி ரோமத்தில் கியாமத் நாள் வரை நன்மை பிணைக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை இமாம்களான புஹாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள்.

அதுமட்டுமா? நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்து உடல் இறுக்கப்பட்ட குதிரைகளை ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை ஓட விட்டார்கள். அது ஐந்தாறு மைல் தூரம். பயிற்சியில்லாத குதிரைகளை ஸனிய்யத்துல் வதாஃவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, சுமார் ஒரு மைல் தூரம் மட்டுமே ஓட விட்டார்கள். அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டவர்களுள் இப்னு உமர் (ரழி) அவர்களும் ஒருவர்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பயிற்சி பெற்றதற்கு ஒரு தூரம், பெறாததற்கு ஒரு தூரம். அந்தப் பயிற்சிக்கு அரபியில் 'தழ்மீர்' என்று பெயர். குதிரைக்கு நன்றாகத் தீனி போட்டுக் கொழுக்க வைப்பார்கள். பிறகு தீனியைப் படிப்படியாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்க வைத்து, சதையை இறுக்குவார்கள். அப்படித் தயார் செய்யப்படாத பிராணியை ஐந்தாறு மைல் விரட்டுவது அநியாயம் என்பது அந்தப் பந்தயத்தின் ஒழுங்கிலேயே தெரிகிறது.

ஆகவே குதிரை ஓடுவதும், ஓட்டுவதும், அதைக் கண்டு சந்தோஷப்படுவதும் குற்றமல்ல. பரிசு கொடுப்பதும் குற்றமல்ல. அம்பெய்தல், ஒட்டகம், குதிரை ஆகியவற்றில் பரிசுக்குப் போட்டியிட ஹதீஸில் அனுமதி இருக்கிறது. ஆட்சியாளரோ வெளியாள் ஒருவரோ 'முதலாவது வருபவருக்கு இவ்வளவு' என்று பரிசு வைத்தால் அது ஆகும். ஓடும் இருவரில் ஒருவர் மட்டும் பணம் வைத்தாலும் ஆகும். இருவரும் ஆளுக்கொரு தொகை வைத்து 'வென்றவன் இரண்டையும் எடுப்பான்' என்றால்தான் சூதாகிவிடுகிறது. நமது ஷாபிஈ மத்ஹபின் ஃபிக்ஹுக் கிதாபுகளில் இதற்குத் தனிப் பாடமே உண்டு.

குதிரை ஓட்டுகிற ஆளுக்கே இந்த எல்லை என்றால், வேலிக்கு வெளியே நின்று, குதிரையைத் தொட்டும் பார்க்காமல், அதன் பெயருக்குப் பணம் கட்டுகிறவரின் நிலை என்ன? அவருக்கும் குதிரைக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமெல்லாம் டிக்கட்டுக்கும் அவருக்கும்தான். அது தெளிவான சூது. அதில் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு இல்லை.

'துபாயில் நடக்கிறதே?' என்று வளைகுடாவில் பிள்ளைகள் உள்ள தாய்மார் கேட்பதுண்டு. 1996ஆம் ஆண்டு முதல் அங்கே துபாய் உலகக் கிண்ணக் குதிரைப் பந்தயம் நடக்கிறது. கோடிக்கணக்கில் பரிசு. ஆனால் அந்த மைதானத்தில் பார்வையாளர் பணம் கட்டிப் பந்தயம் பிடிக்க அனுமதியில்லை.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இங்கே பந்தயத்தைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். இன்று நம் குடும்பங்கள் காற்று வாங்கப் போகும் காலிமுகத்திடலே ஒரு காலத்தில் ரேஸ் மைதானம்தான். 1893இல் அது கறுவாத்தோட்டத்துக்கு மாறியது. 1942இல் யுத்தம் வந்தபோது அந்த மைதானம் விமானங்கள் இறங்கும் இடமானது. 1950களில் கொழும்பு ரேஸ் நின்றுபோய், இன்று அங்கே ரக்பி விளையாடுகிறார்கள், கடைகள் இருக்கின்றன. நுவரெலியாவில் 1875ஆம் ஆண்டளவில் தொடங்கிய பந்தயம் மட்டும் ஏப்ரல் சீசனின் வழக்கமாகத் தொடர்ந்து வந்திருக்கிறது.

கொழும்பு மைதானம் நின்றாலும் சூது நின்றதா? இல்லை. அது கடைத்தெருவுக்கு வந்தது. நம் ஊர்களில் 'ரேஸ் புக்கி' என்றும் 'பெட்டிங் சென்டர்' என்றும் சொல்லும் இடங்கள் எதற்கு? எங்கேயோ இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு இங்கே நாட்டாமையும், முச்சக்கர வண்டிச் சாரதியும், கடைச் சிப்பந்தியும் சல்லி கட்டுகிறார்கள். கோடை காலத்தில் அங்கே பகல் ஒன்றரை மணிக்கு ஓடும் குதிரை நமக்கு மாலை ஆறு மணிக்கு ஓடுகிறது. மஃரிபுக்கு பாங்கு சொல்லும் நேரம்! கூலி கையில் வந்து, இன்னும் வீட்டுக்குப் போய்ச் சேராத நேரம்! இன்றைக்கு அதுவும் தேவையில்லை, கையடக்கத் தொலைபேசிக்குள்ளேயே பந்தயம் வந்துவிட்டது.

சகோதரிகளே, இதன் கணக்கை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்கணக்கு எழுதும் உங்களுக்கு இது இலகுவில் விளங்கும். நான்கு குதிரைகள் ஓடுகின்றன, நான்கும் சமபலம் என்று வைத்துக்கொள்வோம். நியாயப்படி, நூறு ரூபாய் கட்டி வென்றவருக்கு அவருடைய நூறோடு இன்னும் முந்நூறு கிடைக்க வேண்டும். ஆனால் பந்தயம் பிடிப்பவர் இருநூற்றைம்பதுதான் தருவார். இப்போது நான்கு பேர் நான்கு குதிரைகளுக்கும் நூறு நூறாகக் கட்டுகிறார்கள். மொத்தம் 400 ரூபாய். வென்றவருக்குப் போவது 350. எந்தக் குதிரை வென்றாலும் ஐம்பது ரூபாய் பந்தயம் பிடிப்பவரின் பெட்டியில். அவர் ஓடவுமில்லை, தோற்கவுமில்லை. ஒரு நாள் வெல்பவர் உண்டு. வருடம் முழுக்கக் கட்டுகிறவர்களின் சல்லி சேருமிடமோ ஒன்றுதான்.

அப்படியென்றால் மனிதன் ஏன் திரும்பத் திரும்பப் போகிறான்? அவனுடைய குதிரை ஒரு மூக்கு நீளத்தில் தோற்கிறது. அவன் 'தோற்றேன்' என்று நினைப்பதில்லை, 'தப்பிவிட்டது, அடுத்த முறை பிடித்துவிடுவேன்' என்று நினைக்கிறான். போனதைப் பிடிக்க இன்னும் கட்டுகிறான். முதல் நாளே வென்றவனின் கதை இதைவிட மோசம். உழைக்காமல் ஒரு மணி நேரத்தில் ஒரு வாரக் கூலி கிடைத்த கைக்கு மறுநாள் மூட்டை தூக்க மனம் வருமா?

'மைஸிர்' என்ற அரபுச் சொல்லின் வேரில் இலேசு என்ற பொருள் இருக்கிறது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். இலேசாக வருவது, இலேசாகப் போவது. ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து, அம்புகளைக் குலுக்கி எடுத்துச் சூதாடுவார்கள். வெற்றுஅம்பு வந்தவர் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் அந்த இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை தேடுவதும் உண்டு. அப்படியிருந்தும் அல்லாஹ் அதை ஆகுமாக்கவில்லை. அதில் சில பயன்கள் இருந்தாலும் பாவமே பெரிது என்பதை சூரத்துல் பகராவின் 219ஆவது வசனம் உணர்த்துகிறது. சூரத்துல் மாயிதாவின் 90, 91ஆவது வசனங்கள் மதுவையும் சூதையும் ஒன்றாகச் சேர்த்துத் தடுக்கின்றன. மனிதர்களிடையே பகையை மூட்டுவதும், திக்ரையும் தொழுகையையும் விட்டுத் திருப்புவதும் அவற்றால் ஷைத்தான் தேடும் பலன்கள் என்று அங்கே காரணமும் சொல்லப்படுகிறது. பாங்கு நேரத்தில் புக்கியில் நிற்பவரையும், இரவு வீடு திரும்பி மனைவியோடு சண்டை பிடிப்பவரையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் அந்த வசனத்தில் இருக்கின்றனவா, இல்லையா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பந்தயம் கட்டாமல் பார்க்க மட்டும் போவது? குதிரை ஓடுவதைக் காண்பது தன்னளவில் தடையல்ல. ஆனால் நீங்கள் போகும் இடத்தில் குதிரை மட்டுமா இருக்கிறது? மது இருக்கலாம், பணம் கட்டும் இடம் இருக்கலாம், அன்னிய ஆண்களின் நெரிசல் இருக்கும், அஸர் தொழுகை தவறிப் போகலாம். இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் 'சும்மா' என்ற சொல். 'சும்மா வந்தோம், சும்மா ஒரு குதிரையைச் சொல்லுங்கள் பார்ப்போம், சும்மா ஒரு நூறு ரூபாய்!' ஒருவர் தன் தோழரிடம் 'வா, சூதாடுவோம்' என்று வாயால் சொல்லிவிட்டாலே அதற்காக ஸதகா கொடுக்கட்டும் என நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக புஹாரியில் வருகிறது. ஆடியதற்கு அல்ல, அழைத்ததற்கே! 'சும்மா சொன்னேன்' என்பதற்கு மார்க்கத்தில் எவ்வளவு கனம் என்று பாருங்கள்.

பக்கத்தில் நிற்கும் உங்கள் பத்து வயது மகன் என்ன பார்க்கிறான்? குதிரையின் அழகையா? இல்லை. டிக்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தும் பெரிய மனிதர்களின் முகத்தை. வென்றவர் குதிப்பதை அவன் பார்க்கிறான். தோற்றவர் வீட்டில் இரவு அடுப்பு எரிகிறதா என்பதை அவனுக்கு யாரும் காட்டுவதில்லை. ஆகவே சூது நடக்கும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள் என்பதே எனது பதில். குதிரை பார்க்க ஆசையா? கிரகரி வாவிக் கரையில் மட்டக்குதிரைச் சவாரி உண்டு. ஏற்றிவிடுங்கள். ஏற முன் அதன் முதுகில் புண் இருக்கிறதா என்று பார்க்கவும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். பிராணியின் முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததையும் சொல்லுங்கள்.

இனி, 'சும்மா' என்ற கட்டத்தைத் தாண்டிப்போன வீட்டுச் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்.

கணவர் ரேஸ் பேப்பரோடு அலைகிறார் என்றால் சத்தம் போட்டு ஊரைக் கூட்டாதீர்கள். அதற்காக மூடி மறைத்துக் கடனை அடைத்துக்கொண்டும் இருக்காதீர்கள். நீங்கள் அடைக்கும் ஒவ்வொரு கடனும் அவருக்கு அடுத்த பந்தயத்துக்கு வழி திறக்கும். உங்கள் மஹரும், உங்கள் வாப்பா தந்த நகையும் உங்கள் சொத்து. உங்கள் மனப்பூர்வமான சம்மதமில்லாமல் அதில் கை வைக்கக் கணவருக்கு உரிமையில்லை. 'அடகு வைத்துவிட்டு அடுத்த வாரம் மீட்டுத் தருகிறேன்' என்றால், 'முடியாது' என்று அமைதியாகச் சொல்வது கணவருக்கு மாறுசெய்வதாகாது.

வீட்டுச் செலவு கேட்பதும் பிச்சையல்ல. அது நபகா, உங்களதும் பிள்ளைகளதும் உரிமை. அபூ ஸுஃப்யான் (ரழி) அவர்கள் போதுமான செலவு தருவதில்லை என்று அவருடைய மனைவி ஹிந்த் (ரழி) அவர்கள் முறையிட்டபோது, தனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் அவருடைய பணத்திலிருந்து எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆகவே கூலி வந்த அன்றே அரிசிக்கும் பால்மாவுக்கும் பாடசாலைச் செலவுக்கும் உரியதைப் பிரித்து எடுத்துவிடுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் குடும்பப் பெரியவர் ஒருவரை, அவர் மதிக்கும் ஒருவரை, பேச வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி தாபரிப்புக் கேட்டுக் காதி நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க உங்களுக்கு வழியுண்டு. இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அவர் திருந்தி வந்தால்? பழையதைக் கிளறாதீர்கள். தவ்பாவின் வாசலை அல்லாஹ் திறந்து வைத்திருக்கும்போது அடியார்கள் நாம் ஏன் அடைக்க வேண்டும்? கூலி கிடைக்கும் அந்த மாலை நேரம்தான் அவருக்குச் சோதனையான நேரம். அந்த நேரத்தில் மகனை அனுப்பி, 'வாப்பா, மஃரிபுக்கு ஒன்றாகப் போவோம்' என்று கூப்பிட வையுங்கள்.

பிள்ளைகளுக்கு நல்லதொரு பந்தயக் கதையும் சொல்லிக் கொடுங்கள். நபி (ஸல்) அவர்களிடம் 'அழ்பா' என்ற பெண் ஒட்டகம் இருந்தது. அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் தன் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெரிய மனவருத்தமாகிவிட்டது. உலகில் உயரும் எதையும் தாழ்த்தியே தீருவது அல்லாஹ்வின் நியதி என்று நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு விளக்கினார்கள். அன்று அங்கே யாருடைய சல்லியும் போகவில்லை, யாருடைய அடுப்பும் அணையவில்லை.

நமது வீடுகளுக்குள் வரும் ஒவ்வொரு ரூபாயையும் ஹலாலானதாக ஆக்கி, அதில் பரக்கத்தையும் மன நிறைவையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.