டீசல் இருப்பை அளக்கும் முறையைச் சீர்செய்யக் கோரும் மனு

பெறுநர்: கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்
அனுப்புநர்: லோகோ பைலட்டுகள் சங்கத்தினர்
பொருள்: டீசல் என்ஜின்களில் எரிபொருள் இருப்பைக் கணக்கிடுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என்ஜினைப் பொறுப்பேற்கும் லோகோ பைலட், தொட்டியின் பக்கவாட்டிலுள்ள கேஜ் கண்ணாடியைப் பார்த்து டீசல் இருப்பை எழுதுகிறார், ஒப்படைக்கும்போதும் அப்படியே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருடைய செலவாகிறது. அது அந்த ஓட்டத்துக்கு வகுத்த அளவைத் தாண்டினால் அவரிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. ஒருவரைக் குற்றம் சாட்டும் அளவுக்கு இந்தக் கழித்தல் கணக்கு உறுதியானதல்ல என்பதே எங்கள் முறையீடு.

டபிள்யூ.டி.எம்.3ஏ என்ஜினின் தொட்டி 5,000 லிட்டர் கொள்ளும். நூற்றுக்கு ஒன்று சரிவுள்ள பாதையில் என்ஜின் நின்றால், நான்கு மீட்டர் நீளத் தொட்டியில் இரு முனைகளுக்கும் இடையே டீசல் மட்டம் நான்கு சென்டிமீட்டர் மாறும். இவ்வளவு அகன்ற தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பதே பல பத்து லிட்டர். வெப்பமும் சும்மா இருப்பதில்லை. டீசலின் சூடு பத்து டிகிரி தணிந்தால் 5,000 லிட்டரில் ஏறத்தாழ 40 லிட்டர் சுருங்கிவிடும். நண்பகலில் நிரப்பி விடியற்காலையில் அளந்தால், ஒரு சொட்டும் எரியாமலே செலவு ஏறியிருக்கும்.

ஓட்டும் விதம்தான் செலவைத் தீர்மானிக்கிறது என்று அதிகாரிகள் சொல்வதில் உண்மை உண்டு. என்ஜின் விசைப்படியான நாட்சை உரிய இடத்தில் இறக்கி, வண்டியை அதன் வேகத்திலேயே ஓடவிடும் லோகோ பைலட் டீசலை மிச்சப்படுத்துவார், அதை மறுக்கவில்லை. ஆனால் லூப் லைனில் சிக்னலுக்குக் காத்திருப்பது அவர் கையில் இல்லை. சும்மா ஓடும் பெரிய என்ஜின் மணிக்குச் சுமார் 25 லிட்டர் குடிக்கும்; ஏ.பி.யு. எனும் துணை என்ஜினுக்கு 3 லிட்டர் போதும். ஏ.பி.யு. இல்லாத, அல்லது அது பழுதான வண்டியில் நான்கு மணி நேரம் நின்றால் 100 லிட்டர் போய்விடும். பிரேக்குக்குக் காற்றழுத்தம் வேண்டும் என்பதால் என்ஜினை அணைக்கவும் முடியாது.

குழாயில் ஓட்டமானி பொருத்தினால் போதாதா என்று கேட்கலாம். பம்ப் அனுப்பும் டீசல் முழுவதும் எரிவதில்லை. மிச்சம் தொட்டிக்கே திரும்புகிறது. போவதை மட்டும் அளக்கும் மானி பொய்க்கணக்கே காட்டும். மின்மயம் ஏறக்குறைய முடிந்துவரும் காலத்தில் டீசல் என்ஜினுக்கு ஏன் செலவு என்பது இன்னொரு வாதம். டீசல் வண்டிகள் குறையக் குறைய நிரப்பும் இடங்களும் குறையும். கையிருப்பைத் துல்லியமாக அறிவது முன்னிலும் அவசியமாகும். தொட்டி வற்றிக் குழாயில் காற்று புகுந்தால் என்ஜின் நிற்கும், கம்ப்ரசரும் நிற்கும். நடுவழியில் தடம் முழுவதும் முடங்கும்.

ஆகவே, தொட்டிக்குள் உணர்கருவி பொருத்தி அதன் அளவை கேபினிலேயே காட்டவும், சமதளத்தில் இரு தரப்பும் சேர்ந்து அளந்து ஒப்பமிடவும், காத்திருந்த நேரத்தைச் செலவுக் கணக்கில் தனியே கழிக்கவும் ஆணையிட வேண்டுகிறோம். அதுவரை கேஜ் கண்ணாடிக் கணக்கை மட்டும் வைத்து எவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்