தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாதீர்கள்

காம்போதி ஆலாபனையில் பாடகர் தார ஸ்தாயிக் காந்தாரத்தில் சற்று நின்று இறங்குகிறார். வயலின்காரர் தம் முறை வந்ததும் அதே இடத்துக்குப் போகிறார். ஆனால் பாடகர் போட்ட சங்கதியைப் போடாமல், வில்லை நீள இழுத்து வேறொரு வழியில் கீழே வருகிறார். பாடகர் திரும்பிப் பார்த்து "பேஷ்!" என்கிறார். ஒரே சொல்தான். எந்தப் பிடிக்காக என்பது மேடையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பட்டமும் பொன்னாடையும் இந்தச் சொல்லுக்கு ஈடாகாது. பொன்னாடை போர்த்துபவர் கச்சேரியைக் கேட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே!

1930-களில் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் சங்கீத விமர்சனம் எழுதினார். குறையைக் கிண்டலாகச் சொன்ன பேனா என்பதால்தான் அது மெச்சியபோது எடுபட்டது.

பாட்டு வாத்தியார்களான எங்களிடம் பாராட்டுவதில் ஒரு கஞ்சத்தனம் உண்டு. தப்பாகப் பாடினால் நிறுத்துவோம். சரியாகப் பாடினால் அடுத்த வரிக்குப் போய்விடுவோம். நேரில் புகழ்ந்தால் தலைக்கனம் ஏறும், கண் படும் என்று சாக்கு வேறு. எது சரியாக விழுந்தது என்று பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது. தோடி காந்தாரத்தில் கமகம் சரியாக அசைய மாதக்கணக்கில் ஆகும். அசைந்த நிமிஷத்தில், "இப்போ பிடிச்சியே, அதுதான் தோடி" என்று சொல்லிவிட்டால், மறுநாள் அதே இடத்தை அந்தப் பிள்ளை தானாகத் தேடிப் பிடிக்கும். இது தட்டிக்கொடுப்பது மட்டுமல்ல, பாடமும்கூட.

ரசிகர்கள் பாராட்டில் மிகவும் பாக்கி வைத்திருப்பது பக்கவாத்தியக்காரர்களுக்குத்தான். மியூசிக் அகாதெமி 'சங்கீத கலாநிதி' பட்டத்தை 1942-இல் ஏற்படுத்தியது. மிருதங்க வித்வான் ஒருவருக்கு அது முதன்முதலாகக் கிடைத்தது 1966-இல், பாலக்காடு மணி ஐயருக்கு. அவருக்கே அவ்வளவு காலம் ஆயிற்று என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல! மயிலாப்பூரிலும் தி.நகரிலும் இன்றும், மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வரிசை வரிசையாக எழுந்து கேன்டீனுக்குப் போகிறார்கள். நாற்காலி மடங்கும் சத்தம் மேடைவரை கேட்கும். பாட்டுக்குத் தாளம் போட்ட கைகளில் எத்தனை இன்னும் தொடையில் இருக்கின்றன என்று வாசிப்பவருக்குத் தெரியும். போகாமல் உட்கார்ந்து கோர்வை முடியும்வரை தாளம் போடுவதைவிட நல்ல பாராட்டு அவருக்கு வேறு கிடையாது.

ரவா தோசை அரை மணி கழித்தும் கிடைக்கும். கச்சேரி முடிந்ததும் பாடகரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைத் தாண்டி, மிருதங்கத்துக்கு உறை மாட்டிக்கொண்டிருப்பவரிடம் போங்கள். 'பிரமாதம்' வேண்டாம். குறைப்பில் எந்த இடத்தில் தாளத்தைத் தவறவிட்டுவிட்டு மறுபடி பிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர் சிரித்துக்கொண்டே அந்தக் கணக்கை வாயால் சொல்லிக் காட்டுவார். பக்கத்தில் கடக்காரரும் இருப்பார். அவரிடமும் ஒரு வார்த்தை.

(கட்டுரையாளர், மயிலாப்பூரில் வாய்ப்பாட்டு ஆசிரியர்)