தலைநகரும் ஜில்லாக்களும்

சித்திரைத் தேருக்குச் சமயபுரத்தில் கூடும் ஜனசமுத்திரத்தைக் காணும் அயலூரார், அதனைப் பெரியதொரு பட்டணம் என்றே எண்ணுவர். தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. பிறகு அவ்வூர் வாலிபர்களும் அதே நெடுஞ்சாலையில், சுங்கச்சாவடியைக் கடந்து, பிழைப்புக்காகச் சென்னைக்குப் பஸ் ஏறுகிறார்கள். நம் ராஜ்யத்தில் 1951-ல் ஏறக்குறைய நாலில் ஒருவரே நகரவாசி. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் நூற்றுக்கு 48 பேருக்கு மேல். நகரங்கள் பெருகுவதை நாம் குறை கூறவில்லை. ஒரே நகரம் வீங்குவதுதான் வியாதி.

இதற்கு மருந்து தேடாமலும் இல்லை. 1983-ல் முதன் மந்திரி எம்.ஜி. ராமச்சந்திரன் தலைநகரையே திருச்சிக்கு மாற்ற யோசனை கூறினார். அது கைகூடவில்லை, அதற்காக நாம் வருந்தவுமில்லை. தென் கொரியா 2012-ல் செஜோங் நகரைத் துவக்கி, மந்திரி காரியாலயங்கள் பலவற்றை அங்கே மாற்றியது. எனினும் அந்நாட்டு ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இன்றும் ஸியோலையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு அகலவில்லை.

பெரிய தொழிற்சாலை வந்தால் போதும் என்பாரும் உளர். பொன்மலை ரயில்வே தொழிற்சாலை, 1920-களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டது. திருச்சிக்கு யோகம், நாகைக்கோ பெருநஷ்டம்! 1965-ல் திருவெறும்பூரில் பாய்லர் தொழிற்சாலை உற்பத்தியைத் துவக்கியது. அதனைச் சுற்றி நூற்றுக்கணக்கான பட்டறைகள் எழுந்தன. ஆயின் அவற்றில் பெரும்பாலானவற்றிற்கு வேலை கொடுப்போர் ஒருவரே. கடந்த பத்தாண்டுகளில் அனல் மின்நிலைய ஆர்டர்கள் குறையவே, பல பட்டறைகள் கதவைச் சாத்தின. கைதேர்ந்த தொழிலாளிகள் கலைந்தனர்.

சமயபுரத்திற்கு அருகிலுள்ள மண்ணச்சநல்லூரின் அரிசி மில்கள் வேறு ஜாதி. அவை எந்தத் தலைநகரின் தயவாலும் வந்தவையல்ல. காவிரிப் பாசன நெல்லால் வளர்ந்தவை. அந்த மில்களுக்கு வேண்டிய யந்திரங்களைத் திருவெறும்பூர்ப் பட்டறைகள் செய்யவும், தவிட்டு எண்ணெய் போன்ற உபதொழில்கள் சமயபுரம், கண்ணனூர்ப் பக்கமே அமையவும், குறைந்த வட்டிக் கடனும் தடையற்ற மின்சாரமும் அன்றோ தேவை?

2024-ல் புதிய விமான நிலையக் கட்டிடமும் 2025-ல் பஞ்சப்பூர் பஸ் நிலையமும் திறக்கப்பட்டது கண்டு மகிழ்கிறோம். ஊரை விட்டுப் போவதற்கு வசதி நன்றாயிற்று! ஊரிலேயே இருப்பதற்கான வசதிகளைக் குறித்துச் சர்க்கார் ஒரு கணக்குக் காட்டட்டும். தொழில்களுக்கு அளிக்கும் கடனும் மானியமும் எவ்வெவ்விடம் போய்ச் சேருகின்றன என்பதைத் தாலுகாவாரியாக வருஷந்தோறும் வெளியிடட்டும். மண்ணச்சநல்லூர் தாலுகாவுக்கு எதிரே உள்ள தொகையைச் சமயபுரத்தாரும் படித்துப் பார்க்கலாம்.