வெயில் வேறு, சூடு வேறு

காவேரிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. ஷூ அப்பர் தைத்துக் கொடுப்பது என் தொழில். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் இன்வெர்ட்டரில் அன்றைய யூனிட்டைப் பார்த்து, கூலி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுவேன்.

மாசியில் 15 யூனிட் வந்த நாட்கள் உண்டு. கத்திரியில், வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நாட்களில் 12 யூனிட் வருவதே பெரும்பாடு. பேனல் பழுதாகிவிட்டதோ என்று பயந்துபோனேன். "நம்ம ஊர் வெயிலுக்கு கரண்ட் கொட்டும்மா" என்றுதானே விற்றவர் சொன்னார்?

பழுதில்லை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. அதன் வாட் கணக்கு, உள்ளிருக்கும் சிலிக்கான் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். கத்திரி மத்தியானத்தில் செல் 65 டிகிரி வரை காயும். நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு வரை சூட்டிலேயே போய்விடுகிறது. அந்த மாதத்தில் சூரியன் வடக்கே நகர்ந்துவிடுவதால், தெற்குப் பார்த்த பேனலுக்கு வெளிச்சமும் கொஞ்சம் குறைகிறது.

அடுத்தது புழுதி. சென்னை–பெங்களூரு சாலை லாரிகள் கிளப்பும் மண் பேனலில் படிந்து, விரலால் இழுத்தால் கோடு அப்படியே நிற்கும். விடியற்காலையில் கழுவிவிடுகிறேன். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடக்கூடும் என்பதால் மத்தியானத்தில் தொடுவதில்லை. ஐப்பசியில் ஏரியை நிரப்புகிற மழை இறங்கினால் 3 யூனிட்தான். ஆனால் மழை விட்ட மறுநாள், கழுவிய பேனலும் குளிர்ந்த காற்றும் சேர்ந்தால் யூனிட் மளமளவென்று ஏறும்.

3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. மீதிக்குக் கடன் வாங்குபவர்களும் உண்டு. வருடக் கணக்கை ஒரே எண்ணில் சொல்லி விற்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். எந்த மாதம் எத்தனை யூனிட் வரும் என்று பன்னிரண்டு மாதத்துக்கும் விற்பவர் எழுதித் தர வேண்டும். காற்றோட்டத்துக்குப் பேனலின் அடியில் எவ்வளவு இடைவெளி விடுவார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். மானியத்துக்கு இதை நிபந்தனையாக வைத்தால் எல்லோரும் எழுதித் தருவார்கள்.

அதுவரை, சோலார் போடலாமா அக்கா என்று கேட்டு வருகிறவர்களிடம் போடச் சொல்லித்தான் அனுப்புகிறேன். அதற்கு முன் அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டிவிடுகிறேன்.