குணவலிமைக்கு இடம் கொடுக்கும் பள்ளி வேண்டும்

ரெட்டியார்சத்திரம் போன்ற வேளாண் ஒன்றியங்களின் சிறிய தொடக்கப் பள்ளிகளில், இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் நடத்த வேண்டியிருக்க, அவர்களது நலம் மட்டும் அவரவர் மனத்திடத்தைச் சார்ந்த சொந்த விவகாரமாகவே இன்றளவும் கருதப்படுகிறது. இக்கருத்தில் பாதி உண்மை இருப்பதாலேயே இது கேள்விக்கு உட்படாமல் நிலைத்துவிட்டது.

கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 2004-இல் வெளியிட்ட நூலில், ஒருவரிடம் இயல்பாக வெளிப்பட்டு, வெளிப்படும்போதே அவருக்கு நிறைவு தரும் பண்புகளைக் குணவலிமைகள் எனக் கொண்டு, அவற்றை 24 ஆக வகைப்படுத்தினர். நான்சுக் பார்க்குடன் இணைந்து அவர்கள் நடத்திய ஆய்வில், நம்பிக்கை, உற்சாகம், நன்றியுணர்வு, அன்பு, அறியும் ஆவல் ஆகிய ஐந்தும் வாழ்க்கை நிறைவோடு நெருங்கிய தொடர்புடையவை எனத் தெரியவந்தது. இவை ஆசிரியப் பணிக்கு இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை.

ஆனால், குணவலிமை வெளிப்பட வாய்ப்பில்லாத பணியில் அது எவரையும் காக்காது. பணிச்சோர்வு, அதாவது ஆற்றல் வறண்டு, வேலையின்மீது பற்று விலகி, தம்மால் பயனில்லை என்னும் எண்ணம் வேரூன்றும் நிலை, தீராத பணி அழுத்தத்தின் விளைவு என்றே உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் குறித்துள்ளது. அதைத் தனி நோயாகக் கொள்ளாமல் பணி சார்ந்த நிகழ்வாக வகைப்படுத்தியிருப்பது கவனத்துக்குரியது.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அவர்களது கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு உண்டு என்பதை ஏற்ற நல்ல ஏற்பாடு அது. அதே துறை ஆசிரியர்களை மட்டும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக நடத்துகிறது. கதை சொல்லி வகுப்பையே கட்டிப்போடும் ஆசிரியரும், கணக்கில் பின்தங்கிய குழந்தையின் அருகில் பொறுமையாக அமரக்கூடிய ஆசிரியரும் ஒரே பள்ளியில் இருந்தாலும், வகுப்புகளைப் பங்கிடுகையில் அந்த வேறுபாடு எண்ணிப் பார்க்கப்படுவது அரிது. இருவரின் நேரத்திலும் ஒரு பகுதியைப் பதிவேடுகளும், ஆசிரியர் சங்கங்கள் நெடுநாளாகக் குறைகூறி வரும் எமிஸ் என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையின் இணையப் பதிவுகளும் எடுத்துக்கொள்கின்றன.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த கல்வி சாராப் பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. அந்த விலக்குகளே போதிய அளவு அகலமானவை. அவற்றுக்கு மேலும் சுமை ஏற்றுவதை அரசு கைவிட வேண்டும். சிறு பள்ளிகளின் இணையப் பதிவுகளைக் கவனிக்கச் சில பள்ளிகளுக்கு ஒருவர் வீதம் தனிப் பணியாளர் அமர்த்தப்பட வேண்டும். எந்த ஆசிரியர் எதில் வல்லவர் என்பதை அறிந்து பணிகளைப் பங்கிடும் உரிமையைத் தலைமையாசிரியர்களுக்கு வட்டாரக் கல்வி அலுவலர்கள் வெளிப்படையாக அளிக்க வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் சுற்றறிக்கை வாசிப்பைக் குறைத்து, அவர்கள் தம் வகுப்பறை முறைகளைப் பகிர்ந்துகொள்ள நேரம் ஒதுக்க வேண்டும். குணவலிமையை அளக்கவென்று எமிஸில் இன்னொரு படிவத்தைச் சேர்த்துவிடாமல் இருப்பதும் நலம்.

இவை நடைமுறைக்கு வரும்வரை, மன உறுதி குறித்து ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கும் தகுதி கல்வித்துறைக்கு இல்லை.